தத்தெடுத்த பியர்டட் டிராகனுக்கு முதல் மாசம்: சாப்பாட்டுக்கு முன்னாடி வெயில்

போன வருஷம் பிப்ரவரியில ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்க வீட்டுக்கு ஒரு பியர்டட் டிராகன் வந்துச்சு, கழுத்துல தாடி மாதிரி முள்ளு இருக்குற ஓணான் வகை. நாங்க இருக்குறது லண்டன் பக்கத்துல. ஆம்பள, வயசு நாலு இருக்கும்னு சொன்னாங்க. முந்தி வச்சிருந்த வீட்டுல பையன் ஆசைப்பட்டு கேட்டு வாங்கினதாம், அப்புறம் பையன் பெரிய ஸ்கூலுக்குப் போயிட்டான், கவனிக்க ஆளில்ல, கைவிட்ட பிராணிகளைப் பார்த்துக்குற ரெஸ்க்யூ ஆளுங்ககிட்ட குடுத்துட்டாங்க, அங்கருந்து எங்க கைக்கு வந்துச்சு. முத்துன்னு பேர் வச்சோம். கிச்சன் தராசுல ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல உக்கார வச்சு எடை பார்த்தா 268 கிராம். மூக்குலருந்து வால் நுனி வரைக்கும் 46 சென்டிமீட்டர் இருக்கு, அந்த நீளத்துக்கு 350 கிராமுக்கு மேல இருக்கணும். இடுப்பெலும்பு ரெண்டும் துருத்திக்கிட்டு, வால் ஆரம்பிக்குற எடம் வத்திப்போய், கண்ணு உள்ள போயிருந்துச்சு.

இப்படி ஒண்ணைப் பார்த்ததும் நம்ம கை மொதல்ல எங்க போகும்? சாப்பாட்டுக்குத்தான். பாவம் பட்டினி கிடந்திருக்கு, ஏதாவது போடுவோம்னு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆனா இந்த ஜீவனுக்கு சூடு இல்லாம சோறு செரிக்காது. இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது, அதனாலதான் இதை எல்லாத்துக்கும் மேல சொல்றேன்.

நம்ம ஊர்ல வேலியில தலையாட்டிக்கிட்டு உக்காந்திருக்குமே ஓணான், அதே குடும்பம்தான் இது. காலையில ஓணான் என்ன பண்ணும்னு சின்ன வயசுல பார்த்திருப்பீங்க. மதில் மேல ஏறி உடம்பை தட்டையா விரிச்சு வெயில்ல அசையாம காயும், நல்லா சூடேறின பெறகுதான் எறும்பு பூச்சி பிடிக்க எறங்கும். பியர்டட் டிராகனும் அதேதான் பண்ணும். சொந்த ஊரு ஆஸ்திரேலியாவோட நடுப்பகுதி, பாலைவனமும் புதர்க்காடும். ஆஸ்திரேலியா தன்னோட காட்டு உயிரினங்களை வியாபாரத்துக்கு வெளிய அனுப்புறதுக்கு பல பத்து வருஷமா தடை போட்டு வச்சிருக்கு, அதனால இங்க இங்கிலாந்துல கடையில விக்கிறதெல்லாம் தலைமுறை தலைமுறையா கூண்டுலயே பொறந்து வந்த பரம்பரை. கூண்டுல பொறந்தா என்ன, உடம்பு இன்னும் அந்த வெயிலுக்கான உடம்புதான். இங்க பிப்ரவரியில சூரியனையே பார்க்க முடியாது, அதனால வெயிலை நாமதான் உண்டாக்கணும்.

அதனால பிராணியைக் கூட்டிட்டு வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே கூண்டை ரெடி பண்ணி, லைட்டெல்லாம் போட்டு ஓடவிட்டு, சூடு சரியா நிக்குதான்னு பார்த்துடுங்க. பெரிய பிராணிக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம், இதுக்குக் கீழ வேணாம். நீளம் எதுக்குன்னா ஒரு ஓரம் பாலைவன மத்தியானம் மாதிரி கொதிக்கணும், இன்னொரு ஓரம் நிழலா இருக்கணும், எது வேணுமோ அதுவே போய்க்கும். சின்ன கண்ணாடித் தொட்டியில அடைச்சா எல்லா எடமும் ஒரே சூடுதான், தப்பிக்க வழியில்ல. முத்து முன்னாடி இருந்தது அந்த மாதிரி தொட்டியிலதான், மேல ஒரு சிவப்பு பல்பு மட்டும்.

சூடான பக்கம் ஒரு தட்டையான கல்லோ ஸ்லேட்டோ வைங்க, அதுக்கு மேல ஹாலோஜன் பாஸ்கிங் பல்பு, வெயில் மாதிரி சூடு குடுக்குற பல்பு. கல்லோட மேல்பரப்பு 38லருந்து 42 டிகிரி செல்சியஸ் வரணும், குளிர்ந்த பக்கம் 22லருந்து 26. கண்ணாடியில ஒட்டுற வட்ட தெர்மாமீட்டரை நம்பாதீங்க, அது சுவத்தோட சூட்டைத்தான் காட்டும். துப்பாக்கி மாதிரி இருக்குற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி அது படுக்குற எடத்தையே குறி வச்சு பாருங்க. பல்பை டிம்மிங் தெர்மோஸ்டாட்டோட (சூடு ஏறினா பல்பைத் தானா மங்க வைக்கும்) சேர்த்துத்தான் போடணும், இல்லன்னா ஒரு நாள் 55 டிகிரி போயிடும், நமக்குத் தெரியவே தெரியாது. ஹீட் ராக்னு கரன்ட்ல சூடாகுற கல் விக்கிறாங்க, அது வேணவே வேணாம், இதுங்க மேலருந்து வர்ற வெயில்ல காயுற ஜீவன், வயித்துக்குக் கீழ வெந்தாலும் சில நேரம் நகராம படுத்திருக்கும், தீக்காயம் பட்டதுக்கப்புறம்தான் நாம பார்ப்போம். ராத்திரி எல்லா லைட்டும் அணைச்சுடணும், சிவப்பு பல்பு நீல பல்பு எதுவும் வேணாம், அதுக்கு அந்த வெளிச்சம் நல்லாவே தெரியும், தூக்கம் கெடும். ரூம் 18 டிகிரிக்குக் கீழ போனா மட்டும் வெளிச்சம் வராத செராமிக் ஹீட்டர் தெர்மோஸ்டாட்டோட போட்டா போதும்.

அடுத்தது யூவிபி. நான் பார்த்த வரைக்கும் ரெஸ்க்யூவுக்கு வர்றதுல முக்காவாசி இதனாலதான் கெட்டுப்போய் வருது. வெயில்ல இருக்குற யூவிபி கதிர் தோல்ல பட்டாத்தான் உடம்பு வைட்டமின் டி3 தயாரிக்கும், டி3 இருந்தாத்தான் தின்ன கால்சியம் உடம்புல ஏறும், அது ஏறலைன்னா உடம்பு தன் எலும்புலருந்தே கால்சியத்தை உருவி எடுத்துக்கும். தாடை ரப்பர் மாதிரி வளையும், கை கால் விரல் நடுங்கும், முதுகு கோணும். எம்பிடின்னு சுருக்கமா சொல்லுவாங்க, மெட்டபாலிக் போன் டிசீஸ். முத்துவோட கீழ்த்தாடையை வெட் (கால்நடை டாக்டர்) விரலால லேசா அமுக்கிக் காட்டினாங்க, ஓரத்துல கொஞ்சம் உள்ள போச்சு, நாலு வயசு பிராணிக்கு அது கல்லு மாதிரி இருக்கணும்.

சுருட்டை பல்பு மாதிரி இருக்குற காம்பாக்ட் யூவி பல்பு பத்தாது. நீள டியூப், டி5ன்னு சொல்ற மெல்லிசு வகை, 10லருந்து 12 சதவீதம் யூவிபி, ரிஃப்ளெக்டரோட வாங்குங்க. கூண்டோட நீளத்துல பாதிக்கு மேல வரணும், ஹாலோஜன் இருக்குற பக்கமே இருக்கணும், ஏன்னா வெயில்ல சூடும் கதிரும் ஒண்ணாத்தான வருது. பிராணியோட முதுகுக்கும் டியூப்புக்கும் நடுவுல 30லருந்து 40 சென்டிமீட்டர், சரியான கணக்கு டியூப் பெட்டியிலயே போட்டிருப்பாங்க. நடுவுல கம்பி வலை இருந்தா மூணுல ஒரு பங்கு கதிர் அங்கயே போயிடும், கண்ணாடி இருந்தா யூவிபி முழுசாவே போயிடும். ஜன்னலோரம் வெயில்ல வச்சா போதாதான்னு அம்மா போன்ல கேட்டாங்க, எல்லாரும் கேக்குற கேள்விதான். ஜன்னல் கண்ணாடி வழியா யூவிபி வராது, சூடு மட்டும்தான் வரும், தொட்டி அடுப்பாயிடும். இன்னொண்ணு, டியூப் எரியுது, அதனால வேலை செய்யுதுன்னு நினைக்காதீங்க, கண்ணுக்குத் தெரியுற வெளிச்சம் அப்படியே இருக்கும், கதிர் கொறைஞ்சுக்கிட்டே போகும். 12 மாசத்துக்கு ஒரு தடவை மாத்துங்க, மாத்துன தேதியை மார்க்கரால டியூப் முனையிலயே எழுதி வைங்க. தத்தெடுக்கும்போது கூடவே பழைய டியூப் குடுத்தா அதைத் தூரப் போட்டுட்டு புதுசு வாங்குங்க. கூண்டு, லைட்டு, தெர்மோஸ்டாட் எல்லாம் சேர்த்து எங்களுக்கு 340 பவுண்ட் ஆச்சு, அதுல கொறைக்கணும்னா அலங்காரத்துல கொறைங்க, டியூப்லயும் தெர்மோஸ்டாட்லயும் கொறைக்காதீங்க.

தரையில மணல், மரத்தூள் எதுவும் இப்போதைக்கு வேணாம், கிச்சன் பேப்பரோ பழைய நியூஸ்பேப்பரோ விரிச்சுடுங்க. பார்க்க அழகா இருக்காதுதான், ஆனா மொதல் ரெண்டு மாசம் உங்களுக்கு பெரிய தகவலே அதோட கழிவுதான், அது பேப்பர்லதான் தெளிவா தெரியும். பழுப்பா ஒரு பகுதி, வெள்ளையா ஒரு பகுதி வரும். வெள்ளை மெத்துனு இருந்தா நல்லது, மஞ்சளாவோ ஆரஞ்சாவோ கட்டியா இருந்தா உடம்புல தண்ணி இல்லைன்னு அர்த்தம்.

கூட்டிட்டு வர்ற அன்னிக்கு குடுக்குறவங்ககிட்ட நாலு கேள்வி கேளுங்க, கடைசியா எப்ப சாப்பிட்டுச்சு, என்ன சாப்பிட்டுச்சு, எப்ப கழிவு போச்சு, எந்த லைட்ல இருந்துச்சு. ஒரு அட்டைப்பெட்டியில துண்டு விரிச்சு, ஓட்டை போட்டு, கார்ல ஹீட்டர் போட்டு கொண்டு வாங்க. வீட்டுக்கு வந்ததும் கூண்டுல விட்டுட்டு கதவை சாத்திட்டு நகர்ந்துடுங்க. மொதல் வாரம் தேவையில்லாம தூக்காதீங்க, ஃபோட்டோ எடுக்காதீங்க, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டாதீங்க. பக்கவாட்டு கண்ணாடியில தன் பிம்பத்தைப் பார்த்து வேற ஆம்பள வந்துட்டான்னு நினைச்சு நாள் முழுக்க கண்ணாடியைப் பிராண்டும், அதனால மூணு பக்கமும் பேப்பர் ஒட்டிடுங்க. சாப்பிடாம இருக்கலாம், தாடி கறுத்துப் போகலாம், வயித்துல கருப்பு வரி வரியா தெரியலாம், எல்லாம் எடம் மாறின பயம்தான். நல்ல எடையில இருக்குற பெரிய பிராணி ஒரு வாரம் பத்து நாள் சாப்பிடலைன்னா பதறாதீங்க. மெலிஞ்சு வந்தது சாப்பிடலைன்னா அது வேற கதை, அதை அடுத்த ரெண்டு மூணு நாள்லயே வெட்கிட்ட காட்டிடணும்.

அந்த மாதிரி மெலிஞ்சதுக்கு வரிசை இதுதான்: சூடு, தண்ணி, அப்புறம் சாப்பாடு. ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு திடுதிப்புனு வயிறு நிறைய போட்டா ரத்தத்துல பொட்டாசியம், பாஸ்பரஸ் எல்லாம் சட்டுனு எறங்கி உயிருக்கே ஆபத்தாயிடும். அதனால மொதல் ரெண்டு நாள் தண்ணிதான். கிண்ணத்துல வச்சா பாதிப் பிராணிகளுக்கு அது தண்ணின்னே தெரியாது, அசையாத தண்ணி அதுங்க கண்ணுல படாது. சிரிஞ்சுல எடுத்து மூக்கு நுனியில ஒவ்வொரு சொட்டா விடுங்க. முத்துவுக்கு மொதல் சொட்டு விட்டப்ப கண்ணை மூடிக்கிச்சு. ரெண்டாவது சொட்டு உதட்டோரமா வழிஞ்சு தாடியில எறங்கிடுச்சு. மூணாவதுக்கு நாக்கு வெளிய வந்துச்சு, சின்னதா, வெளிர் ரோஸ் கலர்ல, ஒரு நக்கு, நிறுத்தி, மறுபடி ஒரு நக்கு, அப்புறம் நிறுத்தவே இல்ல, இருபது நிமிஷம் அப்படியே குனிஞ்சு உக்காந்து சொட்டு சொட்டா விட்டுக்கிட்டே இருந்தேன், கை மரத்துப்போச்சு. சிரிஞ்சை வாய்க்குள்ள விட்டு அழுத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். இளஞ்சூடான தண்ணியில, 32லருந்து 35 டிகிரி, தோள்பட்டை முழுகாத அளவுக்கு பத்து நிமிஷம் நிக்க விடலாம், சிலது அங்க குடிக்கும். தோல் வழியா தண்ணி உறிஞ்சிக்கும்னு சொல்றது உண்மையில்ல, வாயால குடிச்சாத்தான் உண்டு. குளிச்சதும் துடைச்சு நேரா சூட்டுல விடுங்க.

வெட் விஷயம். நாய் பூனை மட்டும் பார்க்குற எடத்துக்குப் போகாதீங்க. எங்க வீட்டுப் பக்கத்துல இருந்த கிளினிக்குக்குத்தான் நாங்க மொதல்ல போனோம், ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு நல்லாத்தான் இருக்கு, நல்லா சாப்பாடு போடுங்கன்னு அனுப்பிட்டாங்க, ஒரு வாரம் வீணாப்போச்சு. அப்புறம் ஊர்வன பார்க்குற எக்ஸாட்டிக்ஸ் வெட்டைத் தேடிப் போனோம், முக்கா மணி நேரம் கார்ல, அங்க எக்ஸ்ரே எடுத்து எலும்பு மங்கிப்போய் இருக்குறதைக் காட்டி, கால்சியம் மருந்து எழுதிக் குடுத்தாங்க. கழிவை அன்னிக்கே எடுத்து மூடின டப்பாவுல கொண்டு போங்க, பின்வார்ம், காக்சிடியான்னு குடல்ல இருக்குற ஒட்டுண்ணி ரெண்டும் இருக்கான்னு மைக்ரோஸ்கோப்ல பார்ப்பாங்க. பின்வார்ம் கொஞ்சம் இருக்குறது சகஜம், எண்ணிக்கை ஏறினாத்தான் மருந்து. குடல்புழு மருந்தை இன்டர்நெட்ல வாங்கி நீங்களே குடுக்காதீங்க, மெலிஞ்ச உடம்பு தாங்காது. தோல்ல மஞ்சளா பொருக்கு தட்டி பரவிக்கிட்டே போனா, இல்ல வாய் திறந்து மூச்சு விட்டு மூக்குல குமிழி வந்தா, அன்னிக்கே போயிடுங்க. சூட்டுல உக்காந்து சும்மா வாயைப் பிளந்துக்கிட்டு இருக்குறது வேற, அது உடம்பு சூட்டைக் கொறைக்க, அதுக்குப் பயப்பட வேணாம். வீட்டுல வேற ஊர்வன இருந்தா புதுசு வந்ததை 90 நாள் வேற ரூம்ல தனியா வைங்க, கடைசியா அதைக் கவனிங்க, கிண்ணம் இடுக்கி எதையும் மாத்திப் போடாதீங்க. ரெண்டு டிராகனை ஒரே கூண்டுல என்னிக்குமே விடக்கூடாது, ஒண்ணு மேல ஒண்ணு படுத்திருக்குறது பாசமில்ல, வெயில் படுற எடத்துக்கான சண்டை.

இப்ப சாப்பாடு. குட்டிக்கு பூச்சி அதிகம், பெருசுக்கு கீரை அதிகம், நாலு வயசுக்கெல்லாம் தட்டுல முக்கால் பங்குக்கு மேல இலை தழைதான் இருக்கணும், பூச்சி வாரத்துல ரெண்டு மூணு நாள். கீரைன்னதும் நம்ம வீட்டுல இருக்குற முளைக்கீரை, அரைக்கீரை, பாலக்னு கை போகும், அதுல ஆக்சலேட் அதிகம், கால்சியத்தைப் பிடிச்சு வச்சுக்கும், எலும்பு தேய்ஞ்ச பிராணிக்கு அது ஆகாது. இங்க கிடைக்குற ஸ்பிரிங் கிரீன்ஸ், கடுகுக் கீரை, ராக்கெட், வாட்டர்கிரெஸ், மருந்தடிக்காத எடத்துல பறிச்ச டான்டிலையன் இலையும் பூவும், துருவின பட்டர்நட் பூசணி இதெல்லாம் நல்லது. பழம் எப்பவாவது ஒரு துண்டு. அவகாடோ, வெங்காயம், ரூபார்ப் கூடவே கூடாது. வெளிய பிடிச்ச பூச்சி எதுவும் போடாதீங்க, முக்கியமா மின்மினி, ஒண்ணே ஒண்ணு போதும் பெரிய டிராகனையே கொன்னுடும்.

பூச்சிக்கு இங்க வெட்டுக்கிளி டப்பா எல்லா ரெப்டைல் கடையிலயும் கிடைக்கும், கரப்பான் வகையில டூபியா, அதுவும் நல்லது. டிராகனோட ரெண்டு கண்ணுக்கும் நடுவுல உள்ள எடைவெளியை விட பெரிய பூச்சி வேணாம். போடுறதுக்கு முந்தின நாள் பூச்சிக்கு நல்ல கீரை காரட் குடுத்துடுங்க, பூச்சி வயித்துல இருக்குறதுதான் டிராகனுக்குப் போகும். போடும்போது ஒரு டப்பாவுல கால்சியம் பவுடர் ஒரு சிட்டிகை போட்டு பூச்சியைக் குலுக்கினா மாவு தடவின மாதிரி ஒட்டிக்கும். டி3 கலந்த பவுடரும் மல்டிவைட்டமினும் வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல வேணாம், மருந்து ஓடிக்கிட்டு இருந்தா வெட் சொல்ற அளவுதான். பல ரெஸ்க்யூ பிராணிங்க மீல்வார்ம்னு கடையில விக்கிற புழு தவிர எதையும் பார்த்ததே இல்ல, கீரையைத் தொடாது. முத்துவும் தொடல. காலையில லைட் போட்டு ரெண்டு மணி நேரம் காய விட்டு, கீரைத் தட்டுல ரெண்டு வெட்டுக்கிளியை விட்டோம், அது இலை மேல குதிச்சதும் இதுவும் பாஞ்சு இலையோட சேர்த்து கவ்விடுச்சு. அப்படியே பதினஞ்சு நாள் பண்ணின பெறகு ஒரு காலையில பூச்சி இல்லாமலே டான்டிலையன் பூவைத் தின்னுக்கிட்டு இருந்துச்சு. சாப்பிட்டு மிச்சமான பூச்சியை சாயங்காலம் எடுத்துடுங்க, ராத்திரி தூங்குறப்ப கடிக்கும். லைட் அணையுறதுக்கு ரெண்டு மணி நேரத்துக்குள்ள எதுவும் போடாதீங்க, சூடில்லாம வயித்துல அப்படியே கெடக்கும்.

ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஒரே நேரத்துல எடை பார்த்து நோட்டுல எழுதுங்க. கண்ணுக்கு தெரியாததை அந்த நம்பர் சொல்லிடும்.

தோல் உரியுறப்ப விரலையும் வால் நுனியையும் கவனிங்க. பழைய தோல் வளையம் மாதிரி சுத்திக்கிட்டா நூல் கட்டின மாதிரி இறுகி ரத்தம் போகாம அந்த விரல் கறுத்து விழுந்துடும். முத்துவுக்கு பின்னங்கால்ல ஒரு விரல் இப்படித்தான் ஏற்கெனவே போயிருந்துச்சு, பக்கத்து விரல்லயும் மூணு அடுக்கு தோல். இழுக்காதீங்க. இளஞ்சூட்டுத் தண்ணியில ஊற வச்சு, மெத்துனு இருக்குற பல் துலக்குற பிரஷ்ஷால தினம் கொஞ்சம், எங்களுக்கு ஒம்பது நாள் ஆச்சு.

ரெண்டாவது வாரத்துலருந்து கையைக் கூண்டுக்குள்ள சும்மா வச்சு பழக்குங்க. மேலருந்து கையை எறக்காதீங்க, அதோட உச்சந்தலையில வெளிச்சத்தை உணர்ற ஒரு சின்ன மூணாவது கண்ணு இருக்கு, மேலருந்து நிழல் விழுந்தா பருந்து வந்துடுச்சுன்னுதான் நினைக்கும். பக்கவாட்டுல, நெஞ்சுக்குக் கீழ கையைக் குடுத்து நாலு காலும் தாங்குற மாதிரி தூக்கணும், எலும்பு பலவீனமா இருக்குறதுக்கு இது ரொம்ப முக்கியம். தொட்டா ஒவ்வொரு தடவையும் சோப்பு போட்டு கை கழுவணும், நல்லா இருக்குற டிராகன்லயும் சால்மொனெல்லா கிருமி இருக்கும். கிச்சன் சிங்க்ல குளிப்பாட்டாதீங்க, முத்தம் குடுக்காதீங்க, அஞ்சு வயசுக்குக் கீழ பிள்ளைங்க, கர்ப்பிணி, வயசானவங்க இருக்குற வீட்டுல இன்னும் கவனமா இருக்கணும்.

வந்தது பொம்பளன்னா ஆண் இல்லாமலே முட்டை வைக்கும். வயிறு உப்பி, கூண்டை ஓயாம தோண்டினா, ஈரமண் நிரப்பின ஆழமான டப்பா ஒண்ணு வைங்க. தோண்டிட்டே இருந்து முட்டை வராம சோர்ந்து போனா முட்டை உள்ள சிக்கியிருக்கும், உடனே வெட்.

மொதல் குளிர்காலம் ஒண்ணு பாக்கி இருக்கு. நவம்பர் வாக்குல சிலது சாப்பாட்டைக் கொறைச்சு, நிழல்ல போய் வாரக்கணக்குல தூங்கும், ப்ரூமேஷன்னு பேரு. தூங்கப் போறதுக்கு முன்னாடி கழிவு டெஸ்ட் ஒண்ணு எடுத்துடுங்க, வயித்துல சாப்பாட்டோட தூங்க விடாதீங்க, எடை தேறாத பிராணின்னா வெட்டைக் கேக்காம விடவே கூடாது. தூங்குறப்பவும் வாரம் ஒரு தடவை அலுங்காம எடுத்து எடை பாருங்க, பத்து சதவீதத்துக்கு மேல கொறைஞ்சா அது தூக்கமில்ல, நோய். எழுந்ததும் மூக்குல தண்ணிச் சொட்டு, ரெண்டு நாள் நல்லா காயட்டும், மூணாம் நாள் சாப்பாடு. முத்து நவம்பர் 28ல 409 கிராமோட கட்டைக்குக் கீழ போச்சு, இந்த வருஷம் ஜனவரி 19ஆம் தேதி காலையில லைட் போடப் போனப்ப கல்லு மேல உடம்பை விரிச்சு உக்காந்திருந்துச்சு, தராசுல வச்சா 402.